வெட்டுப்பட்ட காப்பு

லண்டன் நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வைக்கிங் வெள்ளிக் காப்பு ஒன்று பாதியாகக் கிடந்தது.

“மிச்சம் எங்க?” என்றார் கிருஷ்ணராசா.

“வெட்டிக் குடுத்திட்டினம் அப்பா,” என்றாள் மகள் துஷ்யா. “கையில போட்டா நகை. சாமான் வாங்கேக்க அதுதான் காசு.”

“ஊரை விட்டு வரேக்க பட்ட கஷ்டத்திலயும் உன்ர அம்மான்ர தாலிக்கொடியில நான் கை வைக்கேல்லை,” என்று மனைவி யோகமலரைப் பெருமையோடு பார்த்தார்.

யோகமலர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் காய்ச்சலில நினைவில்லாமல் கிடந்தனீங்கள். காட்டில விட்டிட்டுப் போவம் எண்டான் எங்களைக் களவாக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன். ஒவ்வொரு எல்லையிலயும் ஒரு துண்டு வெட்டிக் குடுத்துத்தான் உங்களைக் கொண்டு வந்தனான்.”

அவர் அவள் கழுத்தில் கிடந்த கொடியைக் காட்டினார்.

“தாலி மட்டும்தான் நீங்கள் கட்டினது,” என்றாள். “கொடி கவரிங்.”