ஐயரின் இருமல்

வேதக்கோயிலின் முன்வரிசைப் பெஞ்சிடம் சுவர்ப் பல்லி கேட்டது: "புதுசா வந்த போதகர் ஐயர் மூணு மாசமா 'எழுந்து நிற்போம்'னு சொல்றாரு. ஒருத்தரும் எந்திரிக்கலையே, ஏன் பெஞ்சண்ணே?"

"பழைய ஐயருக்கு ஆஸ்துமா. ஜெபத்துக்கு முன்னாடி இருமுவாரு. பத்தொன்பது வருஷமா சபை அந்த இருமலைக் கேட்டுத்தான் எந்திரிச்சுது."

"இவரு என்ன செய்வாரு?"

"மாற்றல் கேட்டுப் போயிருவாரு, பாரு."

அடுத்த ஞாயிறு ஐயர் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். இருமல் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது; 'எழுந்து நிற்போம்' என்று சொல்லவில்லை. தொண்டையைச் செருமி, பலமாக இருமினார்.

ஒருவரும் எழவில்லை.

"இருமிட்டாரே, பிறகும் ஏன்?" என்றது பல்லி.

"செவ்வாய்க்கிழமை சபைக் கமிட்டி என் மேல உட்கார்ந்துதான் பேசுச்சு. இனிமே ஐயர் வாய்விட்டுச் சொன்னாத்தான் எந்திரிக்கணுமாம். அதை ஐயர்கிட்டதான் யாரும் சொல்லலை."

ஐயர் சபையைப் பார்த்தார். சபை ஐயரைப் பார்த்தது. முன்வரிசை ரூபவதி டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஐயருக்கும் வந்தது.

"இப்பவும் மாற்றல் கேட்பாரா அண்ணே?"

"தெரியலை," என்றது பெஞ்சு. "ஆனா மூணு மாசமா என் முதுகுல சாய்ஞ்சே கிடந்தவங்க, இன்னைக்குத்தான் முன்னால நகர்ந்து உட்கார்ந்திருக்காங்க."