இடம் பிடித்த ரொட்டி

தோசைக்கல்லில் மொறுமொறுவென்று வறுபட்ட இரண்டு ரொட்டித் துண்டுகள் லெபனான் சாலட்டுக்காகத் தட்டில் காத்திருந்தன. பக்கத்தில் காலிக் கிண்ணம்.

"சாப்பிடுறப்பதான் ரொட்டியைப் போடணும்," என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மெஹர்பானு வெள்ளரிக்காய் எடுக்கப் போனாள்.

"அதுக்குள்ள எல்லாரும் ஏறிடுவாங்க. நாம நின்னுக்கிட்டுதான் போகணும்," என்றது பெரிய துண்டு.

"கூப்பிடுறப்ப போவோமே," என்றது சின்னது.

பெரியது கேட்கவில்லை. கிண்ணத்துக்குள் குதித்து, அடியில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அதன்மேல் வெள்ளரி விழுந்தது, தக்காளி விழுந்தது, புதினா விழுந்தது. எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் வழிந்து கீழே வந்து சேர்ந்தன.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க, நான்தான் முதல்ல வந்தேன்," என்று அது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தது.

சாப்பிடும் நேரத்தில் மெஹர்பானு சின்னத் துண்டை நொறுக்கி மேலே தூவினாள். கணவர் கடித்த சத்தம் கூடம்வரை கேட்டது.

கிண்ணத்தைக் கழுவும்போது அடியில் கூழாக ஏதோ ஒட்டியிருந்தது. மெஹர்பானு அதை வழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கூடை அப்போதுதான் காலியாகியிருந்தது.

"இங்கேயும் நான்தான் முதல்," என்று சொல்லி, அது நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தது.