ஒரு ஆணிகூட

சுவரைத் துளைக்கும் சத்தம் கேட்டு அவள் கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள்.

கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒருவன் ஏறி நின்றிருந்தான். கையில் டிரில்லிங் மெஷின். படியெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"யாரைக் கேட்டு ஓட்டை போடுறீங்க?"

"அந்துவான் சார் வீடுதானம்மா? ஆபீஸ்ல அனுப்புனாங்க. இது பாரம்பரிய வீடாம். பித்தளைப் பலகை மாட்டணுமாம்."

சிரிப்பதா, கரண்டியால் ஒன்று போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம். அதே ஆபீஸுக்கு மூன்று மனு.

அவள் கேட்டது ஒரு கைப்பிடிக் கம்பி. ஒரு முழ நீளம். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன அவள் புருஷன் இடக்கையால் பிடித்துக்கொண்டு இந்த மூன்று படியை இறங்குவதற்கு.

வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

மூன்று முறையும் அதே பதில். முகப்பின் தோற்றத்தை மாற்ற அனுமதியில்லை. நேரில் போய்க் கேட்டபோது, அங்கே மேஜையில் இருந்தவர் உட்காரக்கூடச் சொல்லாமல் சொன்னார்.

ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதாம்.

அடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இப்போது வயிற்றெரிச்சல்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் தெருமுனை ஆட்டோக்காரர்கள் இருவர் அவரைத் தூக்கி இறக்குவார்கள். அப்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். பொங்கலுக்குப் பிறகு, இனி யாரும் என்னைத் தூக்க வேண்டாம் என்றுவிட்டார். அதோடு ஆஸ்பத்திரியும் நின்றது.

அவர் தினமும் நடந்த கடற்கரை நான்கு தெரு தள்ளித்தான்.

இதோ, ஒரு துளை போட்டாயிற்று. இன்னும் மூன்று போடுவானாம். அனுமதியோடு.

அவள் கரண்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பலகையை வாங்கிப் பார்த்தாள். நல்ல கனம். விளிம்பை மடித்து வழவழப்பாக உருட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க, மூலைக்கு ஒன்றாக நான்கு குட்டைக் கால்கள். மாட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்.

பலகையைச் சுவரோடு வைத்து, அந்த இடைவெளியில் விரல்களை நுழைத்தாள். எடுத்துவிட்டு மறுபடியும் நுழைத்தாள்.

"இது வெயிட்டு தாங்குமாப்பா?"

"ஆளே தொங்கலாம்மா. உள்ள போறது எல்லாம் பெரிய போல்ட்டு."

பலகையை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். மேல்படியில் தெருவைப் பார்த்து நின்றாள். இடக்கையை நீட்டிச் சுவரில் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"இங்க மாட்டுங்க."

அவன் ஸ்டூலிலிருந்து குனிந்து பார்த்தான்.

"இடுப்பு உயரத்துல மாட்டுனா யாரும்மா படிப்பாங்க?"

வீட்டுக்குள் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள்.

"ஏங்க, செருப்ப மாட்டிக்கிட்டு வாங்க."