ஜாசின்காரம்மா

"மிளகை வறுக்கவே இல்ல இந்த ஜாசின்காரம்மா. அப்படியே இடிச்சுப் போட்டிருக்காங்க. பச்சை உடம்புக்கு இது ஆகுமா?"

ஷாந்தினி ரசத்தைத் தள்ளி வைத்தாள். குழந்தை பிறந்து அன்று ஐந்தாம் நாள். கணவன் புவனேந்திரன் போனை எடுத்து, அவள் சொன்ன குறையை அப்படியே தட்டி அனுப்பினான்.

பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து வீடு வீடாக அனுப்புவதுதான் ஷாந்தினியின் தொழில். டுரியான் துங்காலில் சின்னக் கடை. எட்டு வருடமாக விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பில் முதல் சட்டியை ஏற்றியது அவள் கைதான். கடையில் உதவிக்குப் பஸ் ஏறி வரும் குஞ்சம்மாவுக்குப் பூண்டு உரிப்பதோடு வேலை சரி. கரண்டியைத் தொட அனுமதி கிடையாது.

இப்போது அவளே பத்தியத்தில் படுத்துவிட்டாள். சமைத்துப் போட இரண்டு பக்கமும் பெரியவர்கள் இல்லை. நாற்பது நாளைக்குக் கடையைச் சாத்திவிடுங்கள் என்று அவள்தான் சொன்னாள். பேக்டரியில் லீவு போட்டிருந்த புவனேந்திரன் தலையாட்டினான். கண்ணுக்கு ஆகாது என்று அவள் போனையும் வாங்கி வைத்துக்கொண்டான். ஜாசினில் ஓர் அம்மா இருக்கிறார், அவரிடம் சொல்லியிருக்கிறேன் என்றான். விடிந்ததும் சாப்பாடு எடுக்கக் கிளம்பினால் பத்து மணிக்குத்தான் வருவான். தூரம்தானே என்று அவளும் கேட்கவில்லை.

ஊருக்கெல்லாம் பத்தியம் சமைத்துப் போட்டவளுக்குக் கடைசியில் எவளோ ஒருத்தியின் டப்பாச் சோறு. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

குறைக்குப் பஞ்சமே இல்லை. பூண்டு சிவக்கவில்லை. சுறாவைச் சரியாகப் பிழியாததால் புட்டு ஒரே ஈரம். குழம்பில் நல்லெண்ணெய் பேருக்குத்தான். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, எதை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தட்டி அனுப்புவான்.

இருபதாம் நாள் ரசம் நாக்கில் பட்டதும் அவளுக்குப் பகீரென்றது. அது அவளுடைய ரசம்.

"என் வாய்தாங்க எனக்கு எதிரி. உக்காந்த இடத்துலேர்ந்து அந்தம்மாவுக்குத் தொழில் கத்துக் குடுத்திருக்கேன். இனி நம்ம கஸ்டமருங்க இருக்கிற பாயா ரும்புட் வரைக்கும் வந்துருவாங்க."

"நல்லாத்தானே இருக்கு, சாப்பிடுலா."

"உங்களுக்கென்ன. நாப்பத்தொண்ணாம் நாள் காலைல நாலு மணிக்கு நான் கடையில நிக்கணும். இல்லேன்னா ஒரு கஸ்டமர்கூட மிஞ்ச மாட்டாங்க."

"பிள்ளை?"

"தூக்கிட்டுப் போறேன்."

அடுப்புப் புகைக்கும் மிளகாய் நெடிக்கும் நடுவில் பச்சைக் குழந்தையை எங்கே படுக்க வைப்பாய் என்று அவன் கேட்கவில்லை. பிள்ளையின் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிள்ளையை விடவும் மனமில்லை, கடையை விடவும் மனமில்லை.

அன்றிலிருந்து சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்லவேளையாக ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. பூண்டுக் குழம்பை இறக்கும்போது அவள் போடும் ஒரு துண்டு கருப்பட்டி. அதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அது இருக்கிறவரை எந்த ஜாசின்காரம்மாவும் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று தேற்றிக்கொண்டாள்.

முப்பத்தைந்தாம் நாள் பூண்டுக் குழம்பு வந்தது. ஒரு வாய் வைத்தாள். கருப்பட்டி.

அவள் டப்பாவை வைத்த வேகத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது.

"இது குஞ்சம்மா அக்கா வேலை. அடுப்புப் பக்கத்துல நின்னு பார்த்தது அவங்க ஒருத்தர்தான். கடை சாத்துனதும் அந்த ஜாசின்காரம்மாகிட்டப் போய்ச் சேர்ந்துட்டாங்க. எட்டு வருஷம் கூடவே வெச்சிருந்தேனே. போன் போடுங்க. இனிமே நம்ம கடைப் பக்கமே வரவேண்டாம்னு சொல்லுங்க."

புவனேந்திரன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினான்.

"அவங்க வரலேன்னா நாளைக்கு இருபத்து மூணு வீட்டுக்கு யாரு சமைக்கிறது?" என்றான். "கடையை நான் சாத்தவே இல்ல, ஷாந்தி. குஞ்சம்மா அக்கா தினமும் ஜாசின்லேர்ந்துதானே பஸ் ஏறி வர்றாங்க?"