மலை குறையும் வரிசை

கனிமத்தைத் தோண்டியும் காட்டை வெட்டியும் விற்ற கம்பெனியில் கடைசிவரை நிர்வாக இயக்குநராக இருந்த திருவேங்கடநாதனின் வாழ்க்கை, அட்டைப்பெட்டிகளாக எங்கள் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. பாராட்டுப் பத்திரங்கள், பொன்னாடைகள், வெள்ளி முலாம் பூசிய ஒரு மண்வெட்டி. அதில் மண் பட்ட தடமே இல்லை. மீதியெல்லாம் அவர் மரக்கன்று நடும் புகைப்படங்கள். வருஷா வருஷம் கம்பெனி வாசலில் அதே குழி, அதே சிரிப்பு. கன்றின் கறுப்புப் பையைக்கூடக் கிழிக்கவில்லை. படம் எடுத்ததும் நர்சரிக்கே திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

எந்தப் படத்திலும் தேதி இல்லை. ஆளை வைத்து அடுக்கலாம் என்றால், மனிதர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு எல்லாப் படத்திலும் ஒரே வயதில் நின்றார். அவருக்குப் பின்னால் இருந்த மலைதான் கைகொடுத்தது. முதலில் மரங்களோடு இருந்தது, பிறகு மொட்டையானது, பிறகு அவர் தோளுக்கு இறங்கியது.

அவர் நினைவாக நாங்கள் வைக்கவிருந்த கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க அவர் மகள் சுபாஷிணி வந்தார்.

"தேதியே இல்லையே, எப்படி சார் அடுக்குனீங்க?"

"அப்பாவுக்குப் பின்னாடி பாருங்க மேடம். மலை குறையக் குறைய அடுக்கிட்டே போனேன்."

மேசையோரமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தவர், கடைசிப் படத்தின் முன் நின்றுவிட்டார். அதில் மலையே இல்லை. உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"இதையே பெருசாப் போட்டு வாசல்ல வைங்க சார். மத்ததுல எல்லாம் அப்பா முகம் நிழல்ல கிடக்கு. இதுலதான் நல்லா வெளிச்சமா இருக்காரு."