சுட்டி இல்லாத பின்னூட்டம்

பிறருடைய வலைப்பூக்களில் 'அருமையான பதிவு' என்று எழுதி, கீழே ஒரு மெத்தைக் கடையின் லிங்க்கை ஒட்டுவதுதான் புனேயில் இசக்கிராஜுக்கு வேலை. தன் ஊர் மழையைத் தினமும் எழுதிவைக்கும் சங்கரவடிவு மட்டும் அதற்குப் பதில் போடுவாள். நாள் முழுக்க அவனிடம் பேசும் ஒரே ஆள் அவள்தான்.

சென்னையிலிருந்து மேலாளர் தேவசகாயம் போனில் சொன்னார். "அந்த மழை வலைப்பூவுல ஒட்டுறதெல்லாம் நோஃபாலோ லிங்க் தம்பி, கூகுள் அதைக் கணக்குலயே எடுக்காது. ஆயிரம் ஒட்டினாலும் தேடல்ல கடை ஒரு படி மேல வராது. இனிமே அந்தப் பக்கம் போனா உனக்கு வேலை கிடையாது."

அவன் போகவில்லை. பத்தாம் நாள் மனசு கேட்காமல் திறந்து பார்த்தான். மழைக்குறிப்பின் அடியில் எழுதியிருந்தாள்: "மெத்தைக்காரரே, ஆளையே காணோமே. உறங்கிட்டீரோ?"

பழக்கத்தில் கை லிங்க்கை ஒட்டியது. அதை அழித்துவிட்டு எழுதினான்:

"முழிச்சுதான்க்கா இருக்கேன். இன்னைக்கு அங்க மழை உண்டா?"