ஏழாம் எலியின் வழி

பசித்த எலிதான் வேகமாக வழி கற்கும். அதனால் சோதனைக்கு முந்தைய நாள் எலிகளுக்குத் தீனி கிடையாது. கூண்டு கழுவும் பிலோமினாவுக்கு இதை எத்தனை முறை விளக்குவது! ஏழாம் எலிக்கு மட்டும் அவள் தினமும் வேர்க்கடலை ஊட்டிவந்தது இன்றுதான் தெரிந்தது. தயாபரன் தலையில் அடித்துக்கொண்டார்.

“மூணு மாச ஆராய்ச்சி பாழாப்போச்சும்மா!”

“உங்களுக்குப் பசிச்சா என்னை டீ வாங்கியாரச் சொல்றீங்க. அதுக்கு யாரு சார் இருக்கா?”

அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஏழாம் எலியை ஒரு நாள் பட்டினி போட்டு, மறுநாள் நேரம் அளக்கும் கடிகாரத்தை ஓடவிட்டு, அதைப் புதிர்ப்பாதையில் விட்டார். அது ஒரு திருப்பத்தில்கூடத் தவறவில்லை. முடிவிலிருந்த ரொட்டித்துண்டைத் தாண்டிப் போய், பிலோமினா வரும் அறைக் கதவைப் பார்த்தபடி பின்னங்கால்களில் எழுந்து நின்றது.

கடிகாரத்தை எப்போது நிறுத்துவதென்று தெரியாமல் தயாபரன் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.